நார்ஃபோக்கில் குளிர்காலம்

இங்கிலாந்தின் கிழக்கு ஓரத்தில், வடகடலை நோக்கிப் புடைத்து நிற்கும் மாவட்டம் நார்ஃபோக். அங்கே குளிர்காலம் நவம்பர் தொடக்கத்திலிருந்து பிப்ரவரி முடியும்வரை நீள்கிறது. வடக்கிலும் கிழக்கிலும் கடல். வடமேற்கில் வாஷ் எனப்படும் அகன்ற, ஆழமில்லாத வளைகுடா. மேற்கில் ஃபென் என்னும் தாழ்நிலம். ஒரு காலத்தில் சதுப்பாகக் கிடந்தது, வாய்க்கால் வெட்டி நீரை வடித்தபின் கருமண் வயலானது. மலை என்று சொல்ல எதுவும் இல்லை. மாவட்டத்தின் உயரமான மேடே கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 105 மீட்டர்தான். கீழ்த்திசைக் காற்றைத் தடுக்க ஒன்றுமில்லாததால், வெப்பமானி காட்டுவதைவிடக் குளிர் கூடுதலாகவே உறைக்கும். ஆனால் மழை குறைவு. இங்கிலாந்தின் வறண்ட பகுதிகளில் இதுவும் ஒன்று.

பகல் மிகக் குறுகியது. டிசம்பர் 21-ஐ ஒட்டிய நாள்களில், தலைநகரான நாரிச்சில் சூரியன் காலை 8 மணிக்குப் பிறகே எழுகிறது, பிற்பகல் 3.45-க்குள் மறைந்துவிடுகிறது. ஆகவே வெளியே கிளம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு: வெளிச்சம் இருக்கும் நேரம், கடல் ஏறும் நேரம். கரையோர ஊர்களில் ஓத அட்டவணை இல்லாமல் எந்தப் பயணமும் சரிப்படாது. கடல் ஏற்றம் நாளொன்றுக்கு இரண்டு முறை வருகிறது. ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகிறது. படகு புறப்படுவதும், பறவைகள் கூட்டமாக எழுவதும், உவர்ச்சதுப்பில் பாதை திறந்திருப்பதும் அந்தக் கணக்கைப் பொறுத்தவை.

கடற்கரைச் சுற்றுலா ஊர்களில் பலவும் செப்டம்பரோடு கடையைக் கட்டிவிடும். நார்ஃபோக்கிலும் மணற்கரை விடுதிகள் பல அப்படித்தான். ஆயினும் இந்த மாவட்டம் தன் முழு உயிரோட்டத்தோடு இருப்பது குளிரில்தான் என்று சொல்ல வலுவான காரணங்கள் உண்டு. இங்கே குட்டி போடவும் இரை தேடவும் வரும் உயிர்கள் குளிரில்தான் வருகின்றன. மக்களின் குளிர்கால விழாக்களில் பழையவை பலவும், வயலில் வேலை நின்றுபோன காலத்திலிருந்தும் சந்தை நாள்களிலிருந்தும் முளைத்தவை.

பருவத்தைத் தொடங்கிவைப்பவை சீல்கள். கடல்நாய் என்றும் தமிழில் சொல்வதுண்டு. உலகிலுள்ள சாம்பல் நிறச் சீல்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிரிட்டனைச் சுற்றியே வாழ்கின்றன. வடகரையில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் பிளேக்னி முனை என்ற கூழாங்கல் திட்டில் இவை குட்டி போடத் தொடங்கியது 1980-களின் இறுதியில்தான். தொடக்கத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே குட்டிகள் இருந்தன. இப்போது ஆயிரக்கணக்கில் பிறக்கின்றன. இங்கிலாந்தின் மிகப் பெரிய சீல் குடியிருப்பு இதுவே. நேஷனல் டிரஸ்ட் அமைப்பு இந்த முனையை 1912 முதல் பாதுகாத்துவருகிறது. வேட்டையும் தொந்தரவும் இல்லாத இடம், மனிதர் எளிதில் நடந்து போக முடியாத தூரம், அருகிலேயே மீன் நிறைந்த கடல் ஆகிய மூன்றும் ஒன்றாக அமைந்ததால் வந்த பெருக்கம் இது.

அக்டோபர் இறுதி முதல் ஜனவரி வரை பிறக்கும் குட்டிக்கு வெள்ளை ரோமம். பிறக்கும்போது எடை சுமார் 14 கிலோ. தாயின் பாலில் பாதிக்கும் மேல் கொழுப்பு. மூன்று வாரத்துக்குள் குட்டியின் எடை மூன்று மடங்காகிவிடும். அந்த நாள்கள் முழுவதும் தாய் எதுவும் தின்பதில்லை. தன் உடம்பின் கொழுப்பைக் கரைத்துத்தான் பால் கொடுக்கிறது. குட்டி உப்பிப் பெருக்கப் பெருக்க, தாயின் தோளெலும்பு துருத்தத் தொடங்குவதைத் தொலைநோக்கியில் தெளிவாகப் பார்க்கலாம். மூன்று வாரம் முடிந்ததும் தாய் மீண்டும் இணைசேர்ந்துவிட்டுக் கடலுக்குப் போய்விடுகிறது. கைவிடப்பட்ட குட்டி வெள்ளை ரோமத்தை உதிர்த்து, நீர் ஒட்டாத சாம்பல் ரோமம் முளைக்கும்வரை பட்டினியாக மணலில் கிடக்கும். பசி பொறுக்காமல் ஒரு நாள் தானாகவே நீரில் இறங்கி மீன் பிடிக்கக் கற்றுக்கொள்கிறது. கருவுற்றாலும் கரு உடனே வளராமல் சில மாதம் காத்திருந்து வளர்வதால், ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ அதே வாரங்களில் குட்டிகள் பிறக்கின்றன. காலண்டரில் குறித்துவைத்துக்கொண்டு மக்கள் பார்க்க வர முடிவது இதனால்தான்.

பிளேக்னி முனைக்கு மோர்ஸ்டன் துறையிலிருந்து படகில் போகலாம். தலைமுறை தலைமுறையாக இதைத் தொழிலாகச் செய்யும் குடும்பங்களின் சிறு படகுகள் அவை. ஓடையில் நீர் ஏறியிருக்கும் நேரத்தில் மட்டுமே கிளம்ப முடியும் என்பதால் படகு நேரம் தினமும் மாறும். படகிலிருந்து இறங்குவதில்லை, கரையை ஒட்டிப் போய்ப் பார்த்துத் திரும்புவதோடு சரி. கிழக்குக் கரையில் உள்ள ஹோர்சியில் நிலைமை வேறு. அங்கே மணல்மேட்டின் மேல் கயிறு கட்டி நடைபாதை விட்டிருக்கிறார்கள். கீழே கடற்கரை முழுவதும் சீல்களுக்கு. உள்ளூர்த் தொண்டர்கள் கடுங்குளிரிலும் நின்று வழிகாட்டுகிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் இரண்டு விதிகளை வருகிறவர்கள் மதிக்க வேண்டும்: நாயைக் கட்டியே அழைத்துவர வேண்டும், கயிற்றைத் தாண்டக் கூடாது. மனிதர் நெருங்கினால் மிரண்ட தாய் கடலுக்குள் ஓடும். திரும்பி வராமலும் போகலாம். பால் கிடைக்காத குட்டி செத்துவிடும். ஒரு புகைப்படத்துக்காக அந்த விலையைக் கொடுக்கவைப்பது கொடுமை.

சீல்கள் தரையில் இருக்கும் அதே வாரங்களில் வானம் வாத்துகளுக்கு உரியதாகிறது. ஐஸ்லாந்திலும் கிரீன்லாந்திலும் குஞ்சு பொரித்த இளஞ்சிவப்புக்கால் வாத்துகள் செப்டம்பர் இறுதியிலிருந்தே இறங்கத் தொடங்கும். சில குளிர்காலங்களில் நார்ஃபோக்கில் மட்டும் இவற்றின் எண்ணிக்கை 1 லட்சத்தைத் தாண்டியிருக்கிறது. இதற்குக் காரணம் சர்க்கரை பீட்ரூட். பிரிட்டனின் முதல் நவீன பீட்ரூட் சர்க்கரை ஆலை 1912-இல் நார்ஃபோக்கின் கேன்ட்லியில்தான் தொடங்கியது. மாவட்டமெங்கும் இன்றும் அது முக்கியப் பயிர். கிழங்கைத் தோண்டி லாரியில் ஏற்றிய பிறகு, வெட்டிப் போட்ட தலையும் தழையும் வயலில் கிடக்கும். வாத்துகள் தின்பது அந்த மிச்சத்தை. உழவர் உடனே ஏர் ஓட்டிவிட்டால் அவற்றுக்கு இரை இல்லை. சில நாள் பொறுத்தால் முளைத்து நிற்கும் கோதுமைப் பயிரை விட்டுவிட்டு அவை அங்கேயே மேயும். இருதரப்புக்கும் நன்மை தரும் அந்தச் சில நாள் பொறுமையைப் பல உழவர்கள் காட்டுகிறார்கள்.

வாத்துகள் இரவைக் கழிப்பது கடல் வற்றிய சேற்றுப் பரப்பில். நரியும் மனிதனும் எட்ட முடியாத இடம் அது. விடியும் முன் கூட்டம் கூட்டமாக எழுந்து உள்நாட்டு வயலுக்குப் பறக்கின்றன. வாஷ் வளைகுடாக் கரையில் உள்ள ஸ்னெட்டிஷாம் பறவைக் காப்பகத்தில் இதைப் பார்க்க இருட்டிலேயே வந்து நிற்க வேண்டும். முதலில் சத்தம்தான் வரும். தொலைவிலிருந்து கரகரவென்று எழும் கூவல், நெருங்க நெருங்கத் தலைக்கு மேல் ஆரவாரமாகிவிடும். பிறகு சாம்பல் வானத்தில் வரிசை வரிசையாகக் கோடுகள். பௌர்ணமியை ஒட்டிய நாள்களைத் தவிர்ப்பது நல்லது. நிலவொளியில் இரவெல்லாம் மேயும் வாத்துகள் விடியலில் கூட்டமாக எழுவதில்லை.

அதே ஸ்னெட்டிஷாமில் மற்றொரு காட்சி உண்டு. அதற்குப் பெரிய ஏற்றம் வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை அடுத்த நாள்களில்தான் அது வரும். வாஷின் சேற்றில் பல்லாயிரம் நாட் உள்ளான்களும் பிற கரைப்பறவைகளும் சிப்பியும் புழுவும் தேடி மேயும். கடல் ஏற ஏறச் சேறு சுருங்கும். பறவைகள் நெருக்கியடித்துக் கரையோரத்துக்கு வரும். கடைசிச் சேறும் மூழ்கும்போது முழுக்கூட்டமும் ஒரே நேரத்தில் எழும். ஒரு பக்கம் திரும்பினால் கறுப்பு, மறுபக்கம் திரும்பினால் வெள்ளி. அங்கிருந்து அவை பாய்ந்து இறங்குவது கரைக்கு உள்ளே இருக்கும் குட்டைகளின் ஓரத்தில். கடல் வற்றும்வரை தோளோடு தோள் உரசி அங்கே நிற்கும். அந்தக் குட்டைகள் இயற்கையானவை அல்ல. இரண்டாம் உலகப்போரின்போது விமானதள ஓடுபாதைகளுக்குக் கூழாங்கல் தோண்டிய பள்ளங்கள் அவை. போர் தோண்டிய குழி பறவைகளுக்குப் புகலிடமாயிற்று. மாவட்டத்தில் ஒரே ஒரு குளிர்கால நாளைக் கழிக்க வாய்ப்புள்ளவர் எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்றால், இந்த இடத்தில் ஒரு பெரிய ஏற்றத்தைத்தான்.

மேற்கே ஃபென் எல்லையில் இருக்கும் வெல்னி அன்னங்களின் ஊர். 17-ஆம் நூற்றாண்டில் டச்சுப் பொறியாளர் வெர்மூய்டன் தலைமையில் சதுப்பை வடித்தபோது, ஒன்றுக்கொன்று இணையாக இரண்டு நேர்க்கால்வாய்கள் வெட்டினார்கள். அவற்றுக்கு இடையே சுமார் 30 கிலோமீட்டர் நீளத்துக்குப் புல்வெளி. கோடையில் மாடு மேயும். குளிர்காலத்தில் ஆற்றின் மிகைநீரை அதில் தேக்கிவைப்பார்கள். அந்தத் தேக்கத்தில்தான் ஐஸ்லாந்திலிருந்து ஹூப்பர் அன்னங்களும், ரஷ்யாவின் வடதுருவப் பகுதியிலிருந்து சிறிய பீவிக் அன்னங்களும் வந்து இரவைக் கழிக்கின்றன. பகலில் வயலில் மிஞ்சிய உருளைக்கிழங்கையும் பீட்ரூட்டையும் தின்றுவிட்டு அந்தியில் திரும்பும். காட்சிக்கூடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இதமான வெப்பத்தில் அமர்ந்து, விளக்கொளியில் அவற்றுக்கு இரை போடுவதைப் பார்க்கலாம். முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஏற்ற பயணம். பீவிக் அன்னங்களின் வரவு மட்டும் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. மொத்த எண்ணிக்கையே சரிந்திருக்கிறது. அதோடு ஐரோப்பாவின் குளிர் தணிந்துவிட்டதால், எஞ்சியவற்றிலும் பல நெதர்லாந்து, ஜெர்மனியோடு பயணத்தை நிறுத்திக்கொள்கின்றன.

குளிர் தணிந்ததால் வெல்னி இழந்த வேறொன்றும் உண்டு. தேங்கிய ஆழமில்லாத நீர் உறைந்தால் பனிச்சறுக்கு ஓட்டம் நடக்கும். உறைபனியில் மண்வெட்டி இறங்காது, கூலி வேலை இல்லை, குடும்பம் பட்டினி. 19-ஆம் நூற்றாண்டில் அந்த நாள்களில்தான் ஃபென் தொழிலாளர்கள் ஓட்டப் போட்டி நடத்தினார்கள். சிறு போட்டிகளில் பரிசாக இறைச்சியும் ரொட்டியும் கிடைக்கும். வெல்னியைச் சேர்ந்த டர்க்கி ஸ்மார்ட், அவருடைய உறவினர் ஃபிஷ் ஸ்மார்ட் என்ற பட்டப்பெயர்களால் அறியப்பட்ட ஓட்டக்காரர்கள் நாடு முழுவதும் பேசப்பட்டார்கள். தேசிய சறுக்குச் சங்கம் 1879-இல் அருகிலுள்ள கேம்பிரிட்ஜில் அமைந்ததற்கு இந்த ஓட்டங்களே காரணம். இன்று நாள்கணக்கில் தொடர்ந்து உறைந்தால்தான் ஓட முடியும். பல ஆண்டுகளில் அது நடப்பதே இல்லை.

நாரிச்சுக்குக் கிழக்கே பக்கன்ஹாம் என்ற சிறு ரயில் நிலையத்தை அடுத்த தோப்பில் அந்தி நேரத்தில் பல்லாயிரம் காக்கைகள் அடையும் காட்சியையும், பிராட்ஸ் எனப்படும் ஏரிப்பகுதியில் டிசம்பர் முதல் வசந்தம்வரை நடக்கும் நாணல் அறுவடையையும் சொல்லாமல் விடக் கூடாது. கூரை வேய்வதற்கு நார்ஃபோக் நாணலுக்கு இணையில்லை என்பார்கள். தாள் காய்ந்து இலை உதிர்ந்த பிறகே அறுக்க வேண்டும் என்பதால், இடுப்பளவு நீண்ட காலணி மாட்டிக்கொண்டு குளிர்நீரில் நின்று செய்யும் வேலை இது.

டிசம்பரில் மக்களின் கவனம் கூரைக்கு அடியில் திரும்புகிறது. கிறிஸ்துமஸ் விருந்துக்கு வான்கோழி அனுப்பிய பெருமை நார்ஃபோக்குக்கு நெடுங்காலமாக உண்டு. ரயில் வரும் முன், கோடை முடிவிலேயே வான்கோழிகளை மந்தையாக லண்டனுக்கு நடத்திக் கொண்டுபோவார்கள். கால் தேயாமலிருக்கத் தாரில் தோய்த்துவிடுவதும் உண்டு. நாரிச்சில் நார்மன் காலத்திலிருந்து நடந்துவரும் திறந்தவெளிச் சந்தை இன்றும் வண்ணக் கூரைகளோடு நகர நடுவில் இருக்கிறது. 1096-இல் கட்டத் தொடங்கிய பேராலயத்தின் கோபுரக் கூம்பு 96 மீட்டர் உயரம். இங்கிலாந்தில் சால்ஸ்பரிக்கு அடுத்தது இதுதான். மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும் நாளில், அதன் கல் மண்டபத்தில் கிறிஸ்துமஸ் பாடல் வழிபாடு கேட்பது சமய வேறுபாடின்றி மக்கள் செய்யும் வழக்கம். ராயல் தியேட்டரில் பேன்டோமைம் நடக்கும். தேவதைக் கதையை எடுத்துக்கொண்டு, ஆண் நடிகர் கிழவி வேடம் கட்ட, பார்வையாளர்களான குழந்தைகள் மேடையை நோக்கிக் கத்திப் பதில் சொல்லும் நாடகம் அது. ஆங்கிலேயக் குழந்தைகளில் பலர் முதன்முதலில் பார்க்கும் நாடகம் இதுவாகத்தான் இருக்கும்.

நாடெங்குமிருந்து பேருந்துகள் வந்து குவிவது தர்ஸ்ஃபோர்டு என்ற கிராமத்துக்கு. ஜார்ஜ் குஷிங் என்பவர் நீராவி ரோடு ரோலர் ஓட்டியவர். டீசல் வந்து நீராவி இயந்திரங்கள் இரும்புக் கடைக்குப் போன காலத்தில் அவற்றை விலைக்கு வாங்கிச் சேர்த்தார். கூடவே பொருட்காட்சி ஆர்கன்களையும் ராட்டினங்களையும். அந்தச் சேகரிப்புக் கொட்டகையில் 1977-இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் இசை நிகழ்ச்சி இன்று நூற்றுக்கும் மேற்பட்ட பாடகரும் ஆடுபவரும் சேர்ந்து நடத்தும் மாபெரும் மேடையாக வளர்ந்திருக்கிறது. நவம்பரில் தொடங்கிக் கிறிஸ்துமஸுக்கு முன்பே முடிந்துவிடும்.

நார்ஃபோக்கிலுள்ள சாண்டிரிங்ஹாம் மாளிகையை அரச குடும்பம் 1862-இல், பின்னாளில் ஏழாம் எட்வர்டு ஆன இளவரசருக்காக வாங்கியது. 1932 கிறிஸ்துமஸ் அன்று பிற்பகலில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இங்கிருந்துதான் பேரரசு முழுவதற்கும் முதல் வானொலி வாழ்த்து சொன்னார். உரையை எழுதிக் கொடுத்தவர் ரட்யார்ட் கிப்ளிங். 1957-இல் இரண்டாம் எலிசபெத்தின் முதல் தொலைக்காட்சி வாழ்த்தும் இங்கிருந்தே ஒளிபரப்பாயிற்று. கிறிஸ்துமஸ் காலையில் அரச குடும்பத்தினர் மாளிகையிலிருந்து மேரி மக்தலேனா ஆலயத்துக்கு நடந்து போவார்கள். அவர்களைக் காண மக்கள் விடியும் முன்பே வந்து வரிசையில் நிற்கிறார்கள். பார்ப்பது சில நிமிடம். நிற்பது பல மணி நேரம்.

அதே காலையில், மேற்கு நோக்கிய கடற்கரை ஊரான ஹன்ஸ்டன்டனில் ஒரு கூட்டம் கடலில் குதிக்கிறது. குரோமர் என்ற கடற்கரை ஊரில் மறுநாள். நீரின் வெப்பம் ஏழெட்டு டிகிரி செல்சியஸ்தான்; ஒரு முழுக்கு, ஓட்டமாகக் கரை, சூடான பானம். திரளும் பணம் அறக்காரியங்களுக்குப் போகிறது. புத்தாண்டு நாள் மாலையில் குரோமர் துறைமேடையிலிருந்து வாணவேடிக்கை விடுவார்கள். நள்ளிரவில் அல்லாமல் மாலையிலேயே நடப்பதால் குழந்தைகளும் பார்க்க முடிகிறது. 1901-இல் திறந்த இந்த மேடையின் நுனியில் நாடக அரங்கும் உயிர்காப்புப் படகு நிலையமும் உள்ளன. 1917 ஜனவரியில், கடும் புயலில் துடுப்புப் படகைச் செலுத்தி இரு கப்பல்களின் மாலுமிகளை மீட்ட ஹென்றி பிளாக் இந்த ஊர்க்காரர். பிரிட்டனின் உயிர்காப்புப் படகோட்டிகளில் அதிகப் பதக்கம் பெற்றவர் அவரே. அவர் பெயரில் ஓர் அருங்காட்சியகம் கடலோரத்தில் இருக்கிறது.

குளிர்காலக் கடலின் மறுமுகத்தை இந்தக் கரை மறப்பதில்லை. 1953 ஜனவரி 31 இரவு, வடமேற்குப் புயலும் பெரிய ஏற்றமும் சேர்ந்து கடல் கரையை உடைத்து உள்ளே வந்தது. இங்கிலாந்தில் 307 பேர் இறந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 100 பேர் நார்ஃபோக்கினர். 2013 டிசம்பர் 5 அன்று அதைப் போன்ற ஏற்றம் மீண்டும் வந்தபோது, முன்னெச்சரிக்கையால் உயிர்ச்சேதம் பெரும்பாலும் தவிர்க்கப்பட்டது. ஆனால் ஹெம்ஸ்பி என்ற ஊரில் வீடுகள் கடலில் சரிந்தன. ஹோர்சியிலும் பிளேக்னியிலும் சீல் குட்டிகள் அடித்துச் செல்லப்பட்டன. வெள்ள எச்சரிக்கை இருக்கும் நாளில் கரைக்குப் போகாமல் இருப்பதும் குளிர்காலப் பயணத்தின் ஒரு பகுதிதான்.

பிப்ரவரியில் பகல் நீளத் தொடங்கும். யாத்திரைத் தலமான வால்சிங்ஹாமில், 1538-இல் மூடப்பட்ட மடத்தின் இடிபாடுகளைச் சுற்றிய காட்டில் வெண்ணிற ஸ்னோடிராப் பூக்கள் தரையே தெரியாமல் பூக்கும். ஆண்டின் மற்ற நாள்களில் அமைதியாகக் கிடக்கும் மடத்து நிலத்தில் அந்தச் சில வாரங்களுக்கு நல்ல கூட்டம். பிப்ரவரி 13 மாலை நார்ஃபோக் வீடுகளில் ஜாக் வாலன்டைன் வருவார். கதவு தட்டப்படும்; திறந்தால் ஆள் இருக்க மாட்டார், வாசற்படியில் பரிசுப் பொட்டலம் இருக்கும். சில வீடுகளில் பொட்டலத்தில் நூல் கட்டியிருப்பார்கள். குழந்தை குனிந்து எடுக்கப் போகும்போது அது நழுவி ஓடும். காதலருக்கென்று மட்டும் இல்லாமல் குழந்தைகளுக்கும் பரிசு கிடைக்கும் இந்த வழக்கம் நார்ஃபோக்கின் தனிச்சொத்து.

மறுநாள், பிப்ரவரி 14 அன்று, கிங்ஸ் லின் நகரின் செவ்வாய்ச் சந்தைச் சதுக்கத்தில் மார்ட் எனப்படும் சந்தை தொடங்குகிறது. ஹான்சா வணிகக் கூட்டமைப்பின் கப்பல்கள் வந்துபோன பழைய துறைமுகம் இது. எட்டாம் ஹென்றி 1537-இல் அளித்த உரிமைச் சாசனத்தின்படி நடந்த வணிகச் சந்தை, காலப்போக்கில் ராட்டினச் சந்தையாக மாறிவிட்டது. அந்த மாற்றத்தில் இதே ஊர்க்காரரான ஃபிரெடெரிக் சாவேஜுக்குப் பெரும் பங்கு உண்டு. விவசாய இயந்திரம் செய்த பட்டறைக்காரர் அவர். அந்நாளில் ராட்டினத்தைக் கையாலோ குதிரையாலோ சுற்றினார்கள். அவர் அதன் நடுவில் நீராவி இயந்திரத்தை வைத்தார். மேலே வளைந்த இரும்புத் தண்டு ஒன்று சுழல, அதில் தொங்கும் மரக்குதிரைகள் சுற்றிக்கொண்டே ஏறியும் இறங்கியும் ஓடின. உலகெங்கும் பொருட்காட்சிகளில் குழந்தைகள் ஏறும் குதிரை ராட்டினத்தின் அமைப்பு பெரும்பாலும் அவர் பட்டறையில் உருப்பெற்றது. சாவேஜ் பின்னாளில் நகரின் மேயரானார். அவர் சிலை ஊரில் இருக்கிறது. அவர் செய்த கோண்டோலா ராட்டினம் ஒன்று தர்ஸ்ஃபோர்டு சேகரிப்பில் இன்றும் சுற்றுகிறது. ஆண்டுதோறும் நகர மேயர் தன் உடுப்பு அணிந்து வந்து மார்ட்டைத் திறந்துவைப்பார். அதன்பின் நகரப் பெரியவர்கள் டாஷிங் காரில் ஏறி ஒரு சுற்று ஓட்டுவது மரபு. ஏறத்தாழ இரண்டு வாரம் நடந்து முடிந்ததும் ராட்டினங்களைக் கழற்றி லாரிகளில் ஏற்றி அடுத்த ஊருக்குக் கிளம்புகிறார்கள். பிரிட்டனின் ராட்டினத் தொழிலாளர்களுக்கு ஆண்டின் முதல் சந்தை இன்றும் கிங்ஸ் லின் மார்ட்தான்.